ஷிப்ட் மேல் போட்ட பழி

மருதாசலத்துக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை என்று ஒன்றும் கிடையாது. படுத்தால் தூக்கம் வர வேண்டும். வந்த தூக்கத்தை யாரும் கலைக்கக் கூடாது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவனுக்குக் கிடைக்கவில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். ஊரில் இருந்த கொஞ்சம் மானாவாரிக் காடு அண்ணன்களுக்கே போதாமல், எழுபத்திரண்டாம் வருஷம் நெய்வேலி மைன்ஸில் வேலை கிடைத்து வந்தவன். நிலக்கரியை மேலே கொண்டுவரும் பெல்ட்டின் ஓரமாக நின்று, அது ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுகிறதா, கரி கீழே கொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். உடம்பு ஒன்றுக்குப் பழகி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். சுப்புலட்சுமியைக் கட்டி, சாந்தாமணி பிறந்து, குவார்ட்டர்ஸும் கிடைத்த பிறகும் அவன் எந்நேரமும் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் இருந்தான்.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்குகிற வீட்டில், அவருடைய பூட்ஸ் இரண்டையும் கயிற்றோடு கயிறு முடிந்து வாசல் கேட்டில் தொங்கவிடுவார்கள். யார் ஆரம்பித்ததோ தெரியாது. பூட்ஸ் தொங்கினால் கீரைக்காரி கூவ மாட்டாள், பிள்ளைகள் அந்தப் பக்கம் பந்தடிக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டு ரேடியோ தானாக அடங்கிவிடும். மகாராஜா உறங்கினால்கூட அந்த மரியாதை கிடைத்திருக்காது. பூட்ஸுக்கு அடங்காத ஒரே ஜீவன் மருதாசலத்தின் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

சாந்தாமணிக்கு ஏழு வயது நடக்கும்போது அது ஆரம்பித்தது. அதுவரை சாதாரணப் பிள்ளைதான், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். ஒரு நைட் ஷிப்ட் வாரத்தில் அவன் காலையில் வீட்டுக்கு வந்தால், சுப்புலட்சுமி கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லையாம். சமையற்கட்டுப் பாத்திரங்களையெல்லாம் கூடத்தில் இறக்கி, வரிசையாக உட்காரவைத்து, அவற்றுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். தூங்காத பிள்ளை சோர்ந்து விழ வேண்டாமா? பள்ளிக்கூடத்துக்குக் குதித்துக்கொண்டு போனாள். அடுத்த நாளும் அப்படியே. பேச்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. பதில் சொல்ல நாம் வாயைத் திறப்பதற்குள் நாலு விஷயம் தாண்டிப் போயிருப்பாள். எவர்சில்வர் டம்ளர்களைத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "நான்தான் இனிமே மைன்ஸுக்குப் பெரியாபீசர். நான் சொன்னாத்தான் சங்கு ஊதணும்" என்றாள். டிரைவர் சிரித்து, ஒரு சலாம் போட்டு, இறக்கிவிட்டுப் போனார். தெருவே சிரித்தது. மருதாசலமும் சிரித்தான்.

பிறகு எல்லாம் அப்படியே அடங்கியது. அடங்கியதில் முதலில் நிம்மதிதான். ஆனால் அது அளவுக்கு மீறி அடங்கிக்கொண்டே போயிற்று. சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தலைவாரக் கூப்பிட்டால் கண்ணீர் வரும். சேமியாப் பாயசம் செய்து வைத்தாலும் தொட மாட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றாள் என்று டீச்சர் முட்டிபோட வைத்தார். மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் போட்ட முட்டியோடு அங்கேயே இருந்தாளாம். ஒரு நாள் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் வந்து நின்றாள்.

"நான் இல்லாட்டி நீ நல்லாத் தூங்குவதானப்பா?"

மருதாசலம் பாலிஷ் துணியைக் கீழே போட்டான். "என்ன கண்ணு பேச்சு இது?" என்று இழுத்து மடியில் உட்காரவைத்தான். அவள் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

இதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். ஊரில் வைத்தியம் படிக்காதவன் யார்? எதிர் வீட்டு விருத்தாம்பாள், பக்கத்து ஊரான வடக்குத்தில் பிறந்து, புருஷன் பர்மனென்ட் ஆனதும் டவுன்ஷிப்புக்கு வந்தவள், "புள்ள எத்தையோ பார்த்து பயந்துகினு இருக்குது அக்கா. எங்க அம்மா வூட்டாண்ட வேப்பிலை அடிக்கிறவரு ஒருத்தரு இருக்காரு, இட்டுகினு போலாம் வாங்க" என்றாள். போனார்கள். அடித்தார். பிள்ளை வேப்பிலைக்குக்கூட முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்ததுதான் சுப்புலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் அழுதாள்.

மருதாசலம் வைத்திருந்த காரணம் ஷிப்ட். அப்பன் ராத்திரி விழித்துப் பகலில் தூங்குகிறான். வீட்டில் பகலெல்லாம் ஜன்னல் சாத்தி, பேச்சைக் குறைத்து, பிள்ளையை வாயைப் பொத்தி வளர்க்கிறோம். எது பகல், எது இரவு என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? நைட் ஷிப்ட் வாரத்தில் அவள் ஆடினால், பார்த்தாயா என்றான். காலை ஷிப்ட் வாரத்தில் ஆடினால், போன வாரத்து நைட் ஷிப்ட்டின் மிச்சம் என்றான். படுத்துக் கிடந்தால், அலுப்பு தீர்க்கிறாள் என்றான். மூன்று வாரத்துக்கு ஒரு முறை நைட் ஷிப்ட் வருகிற வீட்டில் எதையும் அதன் தலையில் கட்டிவிடலாம். கூட வேலை செய்கிற திருநெல்வேலிக்காரர் சங்கரலிங்கமும், "ஷிப்ட் வீட்டுப் பிள்ளைக எல்லாம் அப்படித்தாம்யா இருக்கும்" என்று ஒத்து ஊதினார்.

அந்தக் காரணத்தில் ஒரு சுகம் இருந்தது. ஷிப்ட் கம்பெனி கொடுத்தது, ரத்தத்தில் வந்தது இல்லை. ரத்தம் என்று நினைத்தாலே மருதாசலத்துக்கு நாச்சம்மாவின் முகம் வந்துவிடும்.

நாச்சம்மா அவனுடைய அக்கா. பருத்தி எடுக்கும்போது நாலு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்வாள். விடிய விடியப் பாட்டு, சிரிப்பு, ஊர்வம்பு. அப்புறம் மாதக்கணக்கில் ஒரு மூலையில் கிடப்பாள். அடித்தார்கள், பூஜை போட்டார்கள், கட்டியும் வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டிருந்த வருஷத்தில் கிணற்றில் கிடந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேரைச் சொல்வதே நின்றுபோயிற்று. சுப்புலட்சுமியைப் பெண் பார்க்கப் போன இடத்தில், "எங்க வீட்ல பொம்பளைப் புள்ளையே கிடையாதுங்க" என்று அவன் அப்பா சொன்னார். மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த மருதாசலம் பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, சொல்லாமலிருப்பதே பழகிப்போய்விட்டது.

சாந்தாமணியைக் கம்பெனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, அங்கிருந்த லேடி டாக்டர் பொறுமையாகத்தான் விசாரித்தார். தூக்கம், பேச்சு, சாப்பாடு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குடும்பத்துல வேற யாருக்காவது மனசு சம்பந்தமா ஏதாவது இருந்திருக்கா?" என்றார்.

"அதெல்லாம் யாருக்கும் இல்லீங்க. நமக்கு ஷிப்ட் டூட்டிங்க, அதனாலதான் பிள்ளைக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு" என்றான் மருதாசலம்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அவங்க பக்கம் எல்லாருமே நல்லா இருக்காங்க டாக்டர்" என்றாள் சுப்புலட்சுமி. புருஷன் வீட்டை விட்டுக்கொடுக்காமல் பேசிய பெருமை அவள் குரலில் இருந்தது. மருதாசலம் ஜன்னலைப் பார்த்தான். மறுபடியும் இப்படி வந்தால் உடனே வாருங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மறுபடியும் வந்தது. இவர்கள்தான் போகவில்லை.

போவதற்குப் பதிலாக மருதாசலம் பகல் மட்டும் வேலையுள்ள ஜெனரல் ஷிப்ட் கேட்டான். போர்மன் கோபாலகிருஷ்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பக்கெட் வீல் ஆபரேட்டர் டிரெய்னிங்குக்கு உன் பேரைத்தான்யா சொல்லியிருக்கேன். அதை விட்டுட்டு ஸ்டோர்ஸ்ல போய்க் கையுறை எடுத்துக் கொடுக்கப்போறியா?"

"தூக்கம் வேணுங்க சார்."

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். சுரங்கத்தில் தூக்கம் வேண்டாதவன் யார் இருக்கிறான்? சுரங்கத்தில் மண்ணை வெட்டும் அந்தப் பெரிய சக்கரத்தை ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று மருதாசலத்துக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது உண்மை. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஸ்டோர்ஸில் கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, சாயங்காலமானால் வீட்டுக்கு வந்தான். பூட்ஸ் கேட்டில் தொங்குவது நின்றது. சுப்புலட்சுமி அதைப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

சில மாதம் வீடு வீடாக இருந்தது. சாந்தாமணி வேளைக்குத் தூங்கினாள், தோழிகளோடு நொண்டி விளையாடினாள், பரீட்சையில் சுமாராக மார்க் வாங்கினாள். மருதாசலம் சட்டைக் காலரைத் தூக்கிவிடாத குறைதான். "நான் சொன்னேனில்ல, ஷிப்ட்டுன்னு?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். ஆனால் பிள்ளை கொஞ்சம் உரக்கச் சிரித்தாலும் சுப்புலட்சுமியின் கை வேலையை விட்டுவிட்டு நின்றது.

சித்திரை வெயிலில் அது மறுபடி வந்தது. இந்த முறை இன்னும் வேகமாக. வாரம் முடிவதற்குள், ஒரு சாயங்காலம் மருதாசலம் சைக்கிளில் தெருமுனை திரும்பும்போது, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கூட்டம். அண்ணாந்து பார்த்தான். உயரமான அந்தத் தொட்டியின் இரும்பு ஏணியில், பாதிக்கு மேலே, பச்சைப் பாவாடை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். சுப்புலட்சுமி கீழே மண்ணில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"கத்தாதீங்கய்யா, யாரும் கத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டே மருதாசலம் சைக்கிளைப் போட்டுவிட்டு ஏறினான்.

"அப்பா! இங்கிருந்து மைன்ஸ் பூரா எனக்குத் தெரியுது. பெல்ட்டை நான் நிறுத்தப்போறேன்!"

அவன் ஏறிக்கொண்டேயிருந்தான். கிணற்றடி ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு, அவளுக்கு ஒரு படி கீழே வந்து நின்றான். "பெரியாபீசர் அம்மா" என்றான். "சங்கு ஊதற நேரம் ஆச்சுங்க. கீழே எல்லாரும் உங்க உத்தரவுக்குத்தான் காத்திருக்காங்க. வந்து சொல்லுங்க."

சாந்தாமணி யோசித்தாள். "எல்லாருமா?"

"எல்லாரும்தாங்க."

"சரி. நீ முன்னால இறங்கு."

அவன் முன்னால் இறங்க, அவன் மார்புக்கும் ஏணிக்கும் நடுவில் அவள் ஒவ்வொரு படியாக இறங்கினாள். தரையைத் தொட்டதும் அவளை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டான். உத்தரவு போட விடவில்லை என்று அவன் தோளைக் கடித்தாள். அப்போதும் அவன் பிடியை விடவில்லை. சங்கரலிங்கம் அவன் முதுகைத் தட்டி, "எல்லாம் அந்த நைட் ஷிப்ட்டால வந்த வினைய்யா" என்றார்.

"நான் ஜெனரல் ஷிப்ட்ல இருக்கேன் சங்கரலிங்கம்" என்றான் மருதாசலம். சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. பழி போட இனிமேல் ஒன்றும் பாக்கியில்லை.

மறுநாள் காலை அதே டாக்டர் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சாந்தாமணி நாற்காலியில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள், டாக்டரின் மேஜை மணியை எடுத்து அடித்துப் பார்த்தாள். அவர் அவளைத் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு போன தடவை கேட்டதையே கேட்டார்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தாங்க" என்றான் மருதாசலம். "நாச்சம்மான்னு பேரு. இதே மாதிரிதாங்க. கொஞ்ச நாள் இப்படி, கொஞ்ச நாள் அப்படி. கடைசியில கிணத்துல விழுந்துட்டாங்க."

சுப்புலட்சுமி திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்தி, "இதைச் சொல்றது கஷ்டம்தான். சொன்னது நல்லதாச்சு" என்றார். "இது வால்தனமும் இல்ல, பயந்ததும் இல்ல. புதுச்சேரியில மனசுக்குப் பார்க்கிற டாக்டர்கள் இருக்காங்க. எழுதித் தர்றேன், இன்னிக்கே கிளம்புங்க."

கிளம்பினார்கள். டாக்டர் போட்ட ஊசியில் பிள்ளை வடலூர் தாண்டுவதற்குள் கண் சொருகி, அம்மா மடியில் சாய்ந்துவிட்டாள். குறிஞ்சிப்பாடி வந்தது, போயிற்று. பஸ்ஸில் இரைச்சல். சுப்புலட்சுமி வெளியே பார்த்தபடி இருந்தாள். ஒன்பது வருஷமாக 'ஏனுங்க' என்று கூப்பிடாமல் அவனோடு ஒரு பேச்சுப் பேசியதில்லை. இப்போது எதுவும் கூப்பிடவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொல்லியிருந்தா என்னைக் கட்டியிருக்க மாட்டே."

"கட்டியிருப்பேனோ மாட்டேனோ, அதை விடுங்க. இவளை ஒரு வருஷம் முன்னாடியே இந்த பஸ்ஸுல ஏத்தியிருப்பேன்."

மருதாசலத்துக்கு அழுகை வந்தது. முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, கடலூர் வரைக்கும் தூங்குகிறவன் மாதிரி இருந்தான்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். சுப்புலட்சுமி கூடவே தங்கினாள். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் போனான். அங்கிருந்த டாக்டர் வயசானவர், அவசரப்பட்டு எதுவும் சொல்லாதவர். "சின்னப் பிள்ளைகளுக்கு இது வராதுன்னுதான் எங்கள்லயே பாதிப் பேர் நினைக்கிறாங்க. அதனால பார்த்துத்தான் சொல்வேன்" என்றார். பார்த்தார், ரத்தம் எடுத்தார், பள்ளிக்கூடத்தில் எப்படி, தெருவில் எப்படி என்று துருவினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். மனசு ஒரு சமயம் மேலே ஏறி நிற்கும், ஒரு சமயம் பாதாளத்துக்குப் போய்விடும். பிள்ளையின் கையில் எதுவும் இல்லை. அடிப்பதாலோ செல்லம் கொடுப்பதாலோ வந்ததில்லை. மாத்திரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும், மாத்திரை அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி ரத்தம் கொடுக்க வர வேண்டும், வெயில் காலத்தில் தண்ணீர் நிறையக் குடிக்க வைக்க வேண்டும். அவள் மேலே ஏறுவதற்கு முன்னால் முதலில் தூக்கம் குறையும். அதைப் பார்த்ததுமே கிளம்பி வந்துவிட வேண்டும், ஏணி ஏறும்வரை காத்திருக்கக் கூடாது. சாவைப் பற்றிப் பேசினால் அதட்டக் கூடாது, அன்றைக்கே கூட்டி வர வேண்டும்.

"அப்போ ஷிப்ட்டால இல்லீங்களா?" என்று மருதாசலம் கேட்டான். இன்னும் ஒரு நூலிழையைப் பிடித்துக்கொண்டிருந்தான் பாவம்.

"ஷிப்ட் இந்த நோயைக் கொடுக்காது. ஆனா தூக்கம் கெட்டா நோய் கிளம்பும். வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல படுங்க, ஒரே நேரத்துல எழுந்திருங்க. ஜெனரல் ஷிப்ட்டை விட்டுடாதீங்க."

மருதாசலத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எங்க அக்கா மாதிரி ஆயிருமாங்க?" என்றான்.

"உங்க அக்காவுக்கு மாத்திரை கிடைக்கல. இவளுக்குக் கிடைச்சிருக்கு. ஆனா இது தீர்ந்துபோற நோய்னு நான் சொல்ல மாட்டேன். கூடவே வரும். நீங்களும் கூடவே போகணும்."

வீடு திரும்பிய நாள் ஒரு சனிக்கிழமை. வெயிலில் பஸ் மாறி மாறி வந்ததில் பிள்ளை துவண்டு போயிருந்தாள். கஞ்சியும் மாத்திரையும் உள்ளே போனதும் கூடத்தில் பாயில் சுருண்டு தூங்கிவிட்டாள். மாத்திரையினால் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், விரல்கள் லேசாக நடுங்கின. ஆனால் சாதாரணப் பிள்ளை தூங்குகிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். மருதாசலம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். உடம்பெல்லாம் அலுப்பு. தனக்கும் படுக்க வேண்டும்போல் இருந்தது. வெளியே தெருப் பிள்ளைகள் ஸ்டம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள், எதிர் வீட்டில் விருத்தாம்பாள் உரலில் இடிக்க மிளகாயைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேல் கையைவிட்டுத் துழாவினான். பூட்ஸ் தூசி படிந்து கிடந்தது. கயிற்றோடு கயிறு முடிந்து, வாசல் கேட்டில் தொங்கவிட்டான்.

விருத்தாம்பாள் உலக்கையைப் பிடித்தபடி, "இன்னாங்க அண்ணே, மறுபடியும் நைட் ஷிப்ட்டு போட்டுட்டாங்களா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லீங்க. நான் ஜெனரல்தான். சாந்தா தூங்குறா." நின்று மூச்சு வாங்கினான். "அவளுக்கு மனசுல ஒரு நோய் இருக்குதுங்க. புதுச்சேரில வைத்தியம் நடக்குது. எங்க அக்காவுக்கும் அதுதான் இருந்துச்சு, யாரும் பார்க்காம விட்டுட்டோம். இவ தூங்கினா நல்லதுங்க."

தெருவில் மட்டையைப் பிடித்திருந்த பையன்கள் பூட்ஸைப் பார்த்தார்கள், ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார்கள். விருத்தாம்பாள் மிளகாயை முறத்தில் அள்ளி, உலக்கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மருதாசலம் திரும்பினான். நிலைப்படியில் சுப்புலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"ஏனுங்க" என்றாள் மெதுவாக, பிள்ளை எழுந்துவிடாதபடி. "நீங்களும் கொஞ்சம் படுங்க. நான் பார்த்துக்கறேன்."